ராட்டினக் கம்பியில் தொங்கியவன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்பருவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் காதல் படங்களைக் காட்டவே கூடாது, அவர்கள் மனம் கெட ஒரு முத்தக் காட்சியே போதும் என்று சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்தார். அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஏற்காட்டில் இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்குப் பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் எதைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதில் அவரோடு நான் மாறுபடுகிறேன்.

சென்ற மாதம் மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளும் அவளுடைய தோழியர் இருவரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ‘தி நோட்புக்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தார்கள். 2004-இல் வந்த படம். மர அறுவை ஆலையில் வேலை செய்யும் இளைஞனுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் 1940-களில் அரும்பும் காதலைச் சொல்வது. நான் சற்றுத் தள்ளி அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படத்தின் தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. பொருட்காட்சியில் நாம் ஏறிச் சுற்றுவது போன்ற பெரிய ராட்டினத்தில் அந்தப் பெண் வேறொருவனோடு உட்கார்ந்திருக்க, முன்பே அவளிடம் மறுப்புப் பெற்ற நாயகன் தாவி ஏறி, உச்சியில் ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, என்னோடு வெளியே வரச் சம்மதிக்காவிட்டால் கையை விட்டுவிடுவேன் என்கிறான். ஒரு கையை எடுத்தும் விடுகிறான். அவள் பதறிப்போய்ச் சம்மதிக்கிறாள். பிள்ளைகள் மூவரும் கைதட்டிச் சிரித்தார்கள். சிறிது நேரம் கழித்து முத்தக் காட்சி வந்தபோது மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கை தானாகவே ரிமோட்டுக்குப் போயிற்று.

நான் பேனாவை மூடிவைத்தது அப்போதுதான். பார்க்கக் கூசியது எது, பார்த்து மகிழ்ந்தது எது என்பதை என் மகள் எங்கிருந்து கற்றாள்? என்னிடமிருந்துதான். முத்தம் வந்தால் சேனலை மாற்றிய நான், மறுத்த பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடரும் நாயகனின் பாட்டுக்கு ஒருநாளும் மாற்றியதில்லை.

படம் முடிந்ததும், கம்பியில் தொங்கியவன் பெற்றது சம்மதமா என்று கேட்டேன். அவர்களிடமிருந்து நெடுநேரம் பதில் இல்லை. பிறகு ஒரு சிறுமி, “அவன் விழுந்து செத்திருந்தா பழி அவ மேலதானே மிஸ் வந்திருக்கும்?” என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை இதைத் தானாகவே கண்டுகொண்டாள்.

நம் இலக்கியத்துக்கு இது புதிதன்று. பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, காதலியின் பெயரை ஊரறிய வைத்துத் தன்னை வருத்திக்கொள்ளும் மடலேற்றத்தைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. மடலேறுவேன் என்று தலைவன் சொல்வதோடு நின்றால் மணத்துக்கு முந்தைய காதலைப் பேசும் களவியலில் அதற்கு இடம் தந்த தொல்காப்பியர், உண்மையிலேயே ஏறிவிட்டால் அதை ‘ஏறிய மடற்றிறம்’ எனப் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் வைத்தார். ஆற்றாமையைச் சொல்வது வேறு, உயிரைப் பணயம் வைத்து ஒருத்தியைப் பணியவைப்பது வேறு என்று கண்ட மொழியில் பிறந்த பிள்ளைகளுக்கு, அந்த ராட்டினத்தைப் புரியவைக்க வெளியிலிருந்து ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை.

படத்தின் வயதுச் சான்றிதழை நம்பலாமே என்பார்கள். இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் தரப்பட்டது ‘பிஜி-13’. 1984-இல் அங்கே உண்டாக்கப்பட்ட இந்தப் பிரிவு, 13 வயது நிரம்பாதவர்களுக்குச் சில பகுதிகள் ஏற்றவையாக இல்லாமலிருக்கலாம் என்று பெற்றோருக்குத் தரும் எச்சரிக்கையே தவிர, 13 வயதானால் தனியே பார்க்கலாம் என்ற பரிந்துரையன்று. சான்றிதழ் சொல்லும் காரணமும் சில பாலியல் காட்சிகள் என்பது மட்டுமே. ராட்டினத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம் நாட்டிலும் இணையத் தளங்களுக்கான 2021 விதிகளும், திரையரங்கப் படங்களுக்கான 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும், பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய யு/ஏ பிரிவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துள்ளன. இது நல்ல மாற்றம். ஆயினும் மறுப்பை மதிக்கும் படமா, மறுப்பை உடைத்துப் பெருமை கொள்ளும் படமா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

நெருக்கமான காட்சிகள் மேற்கிலிருந்து நேற்று வந்தவை என்பதும் சரியன்று. நம் சேலத்துப் படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1950-இல் வெளிவந்த ‘பொன்முடி’, பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தைத் தழுவியது. அதன் காதல் காட்சிகளுக்கு அன்றே கண்டனம் எழுந்தது. முத்தத்தைப் பற்றி முக்கால் நூற்றாண்டாக வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் படத்தில் நல்லதும் இருக்கிறது. நினைவு மங்கிப்போன மூதாட்டிக்கு, அவள் கணவர் முதியோர் இல்லத்தில் தங்கள் கதையையே நாள்தோறும் படித்துக் காட்டுகிறார். அவர் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அங்கே அடங்கிப்போனார்கள். வேறொருவனோடு திருமணம் நிச்சயமான பிறகு நாயகி பழைய காதலனைத் தேடிப் போனது நியாயமா என்று மூவரும் காரசாரமாகச் சண்டையிட்டதையும் நான் குறையாக நினைக்கவில்லை. காதலன் ஓராண்டு முழுக்க எழுதிய 365 கடிதங்களையும் நாயகியின் தாய் மறைத்துவிட்டது தெரியவந்தபோது என் மகள், “நீயும் ஒளிச்சு வைப்பியாம்மா?” என்று கேட்டாள். உடனே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஒளிக்க மாட்டேன், ஆனா உன்னை உட்கார வச்சுப் பேசாம விடமாட்டேன்” என்றேன். படத்தின் முதற்பகுதியில் அந்தப் பெண்ணுக்கு 17 வயதுதான் என்பதையும், நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 நிரம்பாதவர் குழந்தையே என்பதையும், அந்த வயதுக்குள் சம்மதம் என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை என்பதையும் அன்றுதான் அவர்களுக்குச் சொன்னேன். வேறு எந்த நாள் அதைப் பேச வாய்த்திருக்கும் என்று தெரியவில்லை.

ஆகவே என் கருத்து இது: பதினைந்து வயதுப் பிள்ளை இந்தப் படத்தைப் பெரியவர் ஒருவரோடு பார்க்கலாம். பின்பாதியில் வரும் படுக்கையறைக் காட்சிகளுக்காகவும், அதைவிட அதிகமாக அந்த ராட்டினத்துக்காகவும், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துத் தனியே பார்க்க விடமாட்டேன். கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பது நமக்குத்தான் சங்கடம் என்பதை அறிவேன். எனக்கும் அன்று காது சிவந்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இதழின் திரை விமர்சனங்களில் மதிப்பெண்ணுக்குக் கீழே வயதுப் பிரிவை அச்சிடுகிறீர்கள். அதோடு, படத்தில் யாராவது வேண்டாம் என்று சொல்கிறார்களா, அப்படிச் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று இரண்டு வரி சேர்த்தால், தமிழ்ப் படமாயினும் ஆங்கிலப் படமாயினும் என்னைப் போன்றவர்கள் முன்கூட்டியே அறிந்து பிள்ளைகளோடு உட்கார முடியும்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
ஏற்காடு.