வெளிநாட்டு டெவலப்பர்: சம்பளக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் வெளிநாட்டில் இருக்கும் டெவலப்பர்களை (மென்பொருள் எழுதுபவர்களை) அவரவர் இடத்திலிருந்தே வேலை செய்ய அமர்த்தலாம் என்ற யோசனை தொழில் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. யோசனையில் குற்றமில்லை. ஆனால் சொல்பவர்கள் சம்பளக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு உதைப்பது வேறு இடத்தில்.

புதிதாக வருபவர் எழுதும் கோடை, அதாவது மென்பொருளின் நிரலை, யாராவது படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதற்குப் பெயர் ரிவியூ. அதைச் செய்யக்கூடிய சீனியர்களுக்குத்தான் ஏற்கெனவே தட்டுப்பாடு. ஒரு சீனியர் தினமும் ரிவியூவுக்கு 2 மணி நேரம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 300 வரி மாற்றத்தை ஒழுங்காகப் பார்க்க முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். ஆக, நாளொன்றுக்கு இரண்டு மாற்றங்கள், மிஞ்சிப்போனால் மூன்று. ஒரே மாதத்தில் ஐந்து பேரை எடுத்துப் போட்டால் இரண்டாவது வாரத்திலேயே ரிவியூ வரிசை நீளும். அப்புறம் படிக்காமலேயே ஒப்புதல் விழும், இல்லையேல் டெவலப்பர் சும்மா உட்கார்ந்திருப்பார். சம்பளம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு சீனியருக்கு இருவர், அவர்கள் காலூன்றிய பிறகே மூன்றாமவர் என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது கடிகாரம். இரு தரப்பும் ஒரே சமயத்தில் வேலையில் இருக்கும் நேரம் தினமும் 3 மணியாவது வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு சந்தேகமும் ஒரு நாளை விழுங்கும். அரை நாள் வேலையில் அடுத்தடுத்து மூன்று சந்தேகங்கள் எழுந்தால் பாதி வாரம் போய்விட்டது. இரவில் கண் விழிக்கச் சொல்லி ஈடுகட்டுவது ஓரிரு மாதம் ஓடும். பிறகு அவர் வேறு வேலை பார்த்துக்கொள்வார். இதில் இன்னொரு சின்னத் தொல்லை: நியூயார்க்குக்கும் பெர்லினுக்கும் வழக்கமாக 6 மணி நேர வித்தியாசம். கோடைக்காலத்துக்காக அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிவிடும், ஐரோப்பா கடைசி ஞாயிறுதான் மாற்றும். இடைப்பட்ட நாட்களில் வித்தியாசம் 5 மணி நேரமே. அக்டோபர் கடைசியிலும் ஒரு வாரம் அப்படித்தான். தினசரிக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் தவறான நேரத்தில் வந்து நிற்கும் வாரங்கள் இவை. எந்த ஊர் நேரப்படி கூட்டம் என்று முதலிலேயே எழுதிவைத்தால் தீர்ந்தது.

ஆளைத் தேர்ந்தெடுக்க அல்காரிதப் புதிர்கள் அவ்வளவாக உதவாது. நிறுவனத்தின் சொந்த கோடிலிருந்து ரகசியம் நீக்கிய ஒரு பிரதி, அதில் உண்மையாகவே இருந்த ஒரு பக் (பிழை), கூலியோடு ஒரு வாரம். இதுவே சரியான சோதனை. அவர் முதலில் பக்கைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்க்கிறாரா, நேராகத் திருத்தத்தில் இறங்குகிறாரா என்று கவனியுங்கள். அதைவிட முக்கியம் அவர் எழுதும் கேள்வி. ‘ஓடவில்லை, என்ன செய்ய?’ என்று கேட்பவர் தொலைவிலிருந்து வேலை செய்யத் தோதானவர் அல்ல. ‘தேதி காலியாக இருந்தால் மூன்றாம் படியில் நிற்கிறது. இரண்டு வழி பார்த்தேன். பதில் வரும் வரை முதல் வழியில் போகிறேன்’ என்று எழுதுபவரை விட்டுவிடாதீர்கள்.

அவர் வருமுன் நிறுவனமும் ஒரு சோதனைக்கு உட்பட வேண்டும். உள்ளேயே ஒருவரிடம் வெறும் லேப்டாப்பைக் கொடுத்து, எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். யாரையும் கேட்கக் கூடாது. பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுவார்: ஒரு பாஸ்வேர்ட் யாரோ ஒருவரின் சாட்டில் இருக்கும், டேட்டாபேஸின் எந்தப் பதிப்பு என்று எங்குமே எழுதியிருக்காது. பக்கத்து மேசையில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் சங்கதி, கடல் கடந்தவருக்கு இரண்டு நாள்.

ஒப்பந்தத்தில் ஒரு வினைச்சொல்லைப் பாருங்கள். ஃபிரீலான்சர் (ஊழியராக இல்லாமல் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்) எழுதிய கோடின் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை, பல நாடுகளில் அவருக்கே சொந்தம். ‘உரிமையை மாற்றித் தர ஒப்புக்கொள்கிறேன்’ என்பது வெறும் வாக்குறுதி. ‘இதன் மூலம் மாற்றித் தருகிறேன்’ என்று இருக்க வேண்டும். 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் – ரோஷ் நிறுவனம் வழக்கில், ஒரு கண்டுபிடிப்பின் காப்புரிமைச் சண்டைக்கு மூலமே இந்தச் சொல் வேறுபாடுதான். அதேபோல, ஃபிரீலான்சர் என்று பெயரளவில் வைத்துக்கொண்டு, வேலை நேரத்தையும் விடுமுறையையும் நிறுவனமே தீர்மானித்து, வேறு வாடிக்கையாளரும் கூடாது என்றால், அவர் நாட்டு அதிகாரிகள் அவரை ஊழியராகக் கருதி வரியும் சமூகப் பாதுகாப்புத் தொகையும் பின்தேதியிட்டுக் கேட்கலாம். அந்த நாட்டில் சட்டப்படி முதலாளியாக நின்று சம்பளம் போட்டுத் தரும் இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குவார்கள். நீண்ட நாள் வேலைக்கு அதுவே நிம்மதி.

ஆள் மாறாட்டமும் உண்டு. வட கொரிய ஐ.டி. ஊழியர்கள் வேறு நாட்டவராகக் காட்டிக்கொண்டு இத்தகைய வேலைகளில் சேர்வதாக அமெரிக்க வெளியுறவுத் துறை, கருவூலத் துறை, எஃப்பிஐ மூன்றும் சேர்ந்து 2022 மே மாதம் எச்சரித்தன. நிறுவனம் அனுப்பிய லேப்டாப் ஒரு தரகரின் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும், இயக்குபவர் எங்கோ இருப்பார். கேமரா எப்போதும் ‘பழுது’, லேப்டாப் அனுப்பும் முகவரி கடைசி நேரத்தில் மாறுகிறது, சம்பளக் கணக்கு வேறொரு பெயரில் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

யாராக இருந்தாலும் வாடிக்கையாளர்களின் உண்மையான தகவல்களைக் கையில் கொடுக்கத் தேவையில்லை. பெயரும் எண்ணும் மாற்றிய மாதிரித் தரவே போதும். எல்லா அனுமதிகளும் ஒரே லாகினின் கீழ் இருக்கட்டும், அவர் விலகும்போது அதை மூடினால் போதும். தனித்தனியாகக் கொடுத்த சாவிகளில் ஒன்று, அவர் விலகி ஆறு மாதமான பின்பும் திறந்துகொண்டுதான் இருக்கும்.

இப்படிக்கு,
தொலைதூர மென்பொருள் குழுக்களை நடத்துவோர் சிலர்