எடை மெஷினைப் பரணில் போடு

அன்புள்ள சுமதி,

இங்கே சேலத்தில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். பெரியவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மற்ற கதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

போன வாரம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசு வாங்க வந்த வசந்தி வீட்டுக்கும் வந்திருந்தாள். நீ நடைப்பயிற்சியை விட்டுவிட்டாய் என்றாள். "ஆறு கிலோ குறைஞ்சுது, அப்புறம் முள்ளு நகரவே இல்ல, இனி எதுக்கு நடக்கணும்" என்று கேட்டாயாமே? ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திப் பார்த்து, தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாயாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. பட்டர் பிஸ்கட் வழக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் அசராமல் நின்றவளா இப்படிப் பேசுவது?

முள் நின்றது உன் குற்றமே இல்லை, சுமதி. முதலில் மளமளவென்று இறங்கும் எடையில் ஒரு பங்கு வெறும் தண்ணீர். அப்புறம் உடம்பு இளைக்க இளைக்க அதற்கு வேண்டிய தீனியும் குறைகிறது. அதே சாப்பாடு, அதே நடை என்றால் ஒரு கட்டத்தில் எடை நிற்கத்தான் செய்யும். அந்த நேரம் பார்த்துப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். நம் வயதில் போன தசையைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை.

உன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 என்று நீதானே சொன்னாய். 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். உன் அப்பாவின் கால் புண்ணுக்காக நாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், உன்னைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். வழக்கம்போல் இருந்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடையையும் சாப்பாட்டையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களில் அது 39 சதவீதம்தான். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. எடை குறையாமலே பலன் கிடைத்திருக்கிறது! நீ மெஷினைப் பார்த்து அழுதுகொண்டிருந்த நாட்களிலும் அந்த நடை உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும். அதைப் போய் நிறுத்திவிட்டாயே.

அப்புறம் எதைத்தான் பார்ப்பது என்பாய். பாவாடை நாடாவைப் பார். பழைய முடிச்சு விழுந்த இடத்தில் துணி நைந்து ஒரு கறுத்த கோடு இருக்கும். என் நாடாவில் அந்தக் கோடு இப்போது முடிச்சைத் தாண்டி வெளியே தொங்குகிறது. மெஷினில் எடை அப்படியேதான் இருக்கிறது, இடுப்பு இறங்கியிருக்கிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, ஆனால் போய்விடுவேன்.

நான் காலையில் மூக்கனேரிக் கரையில்தான் நடக்கிறேன். ஏரி நடுவே இருக்கும் மண்திட்டு மரங்களிலிருந்து கொக்குகள் கிளம்பும் நேரம். கமலாக்காவைத் தெரியுமல்லவா, அம்மாபேட்டையில் தறியில் உட்கார்ந்தே இடுப்பு பிடித்துப்போனவர்? இப்போது மகள் வீட்டோடு இங்கே இருக்கிறார். சேலைக்கு மேலே ஸ்வெட்டர், தலையில் மகனுடைய மப்ளர், சரியாக ஆறு மணிக்குத் தெருமுனையில் நிற்பார். எழுந்திருக்க மனசில்லாத காலைகளில் என்னைக் கிளப்புவது சர்க்கரை பயம்கூட இல்லை, அந்த மனுஷி பனியில் நிற்பாரே என்கிற நினைப்புதான். உனக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். ஈரோட்டில் உன் தெருவில் ஒருத்திகூடவா கிடைக்க மாட்டாள்?

சாப்பாட்டில் சோற்றைக் குறை, பொரியலைக் கூட்டு. பட்டினி மட்டும் வேண்டாம். நான் தட்டுவடை செட்டை இன்னும் விடவில்லை, சனிக்கிழமை ஒரு பிளேட். பீட்ரூட், கேரட் துருவலைக் கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்வேன். வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழு. தொடைக்கு அது போதும்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் ஏறுவோம், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் நீ ஜன்னலோரம் உட்கார்ந்துகொள். அங்கே ஏற்காட்டு ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். 5,326 அடி உயரம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். வழியில் காப்பித் தோட்டங்களில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். சாமி இருக்கும் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், அதற்காவது இப்போதே இடுப்பைப் பழக்கு. வசந்தியும் வருகிறேன் என்றிருக்கிறாள்.

நாளையிலிருந்து காலை ஆறு மணிக்கு உனக்குப் போன் அடிப்பேன். எடுத்துப் பேச வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, அது வரும்வரை விடாமல் அடித்துக்கொண்டே இருப்பேன்.

அன்புடன்,
செல்வி