மண்டபம் வேண்டாம் என்று சொன்ன தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கடன் வாங்கி மண்டபத்தில் கல்யாணம் வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீஸ் போதும் என்று நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள். நல்லது. இனி உன் அப்பாவிடம் பேச வேண்டும்.

"ஊர் என்ன சொல்லும்?" என்று அவர் கேட்டால், வீண் கௌரவம் என்று தள்ளிவிடாதே. வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார். வருஷக்கணக்கில் அவர் செய்த மொய் பெயர் பெயராக அதில் இருக்கும். அது திரும்பி வர அவருக்குத் தெரிந்த வழி உன் கல்யாணம்தான். இதைத் தொடாமல் சுதந்திரம், சிக்கனம் என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் போய் நிற்கும்.

ஒரு தாளில் வர வேண்டிய மொய்யைக் கூட்டு. மண்டப வாடகை, சாப்பாடு, வீடியோ, கடனுக்கான வட்டி எல்லாவற்றையும் அதற்கு எதிரே எழுது. வட்டியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். பிறகு கல்யாணத்தையும் மொய்யையும் தனித்தனியாக்கு: ரிஜிஸ்டர் முடிந்தபின் ஒரு மதியச் சாப்பாடு, நோட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கல்யாணமே இல்லாமல் மொய் விருந்து வைக்கிறார்களே! அன்று புதிதாக யாரிடமும் மொய் வாங்காதே. வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும், அடுத்த சுற்று உன் தலையில்.

இருவரும் இந்துவாக இருந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தில் 1967-ல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலே கல்யாணம். நீ கட்டிக்கொள்ளப் போகிறவர் கிறிஸ்தவர், அதனால் உங்களுக்கு 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அவருக்கு 21, உனக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். கல்யாணம் செய்யப் போகிறோம் என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்; அதைக் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். கொடுத்தபின் 30 நாள் காத்திருப்பு. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்று சாட்சிகளோடு போய் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டப்படி ஆட்சேபணை ஆகாது.

பெரும்பாலும் இழுபறி பெயரில்தான் வரும். ஆதாரில் இனிஷியல், மார்க் ஷீட்டில் முழுப்பெயர் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்.

முக்கியமான ஒன்று. நீ வேலை பார்க்கும் ஊரில் நோட்டீஸ் கொடுத்தாலும், நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் பிரதி அங்கும் போகும், அங்குள்ள அலுவலகப் பலகையிலும் ஒட்டுவார்கள். டீக்கடையில் யாரோ சொல்லி அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நோட்டீஸ் கொடுப்பதற்கு முந்தைய வாரமே அந்த மொய்க் கணக்குத் தாளோடு ஊருக்குப் போய்விட்டு வா.

அன்புடன்,
அக்கா