பணமாக வேண்டாம், மாற்றாளாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைச் சம்பளமின்றிப் பார்த்துக்கொள்ளும் உறவினர்களின் ஓய்வுக்குச் சுகாதார நிதியில் பங்கு வேண்டும் என்ற உங்கள் தலையங்கத்தை முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் அதை உதவித்தொகையாகக் கையில் கொடுத்தால் மருந்துக்கும் டயப்பருக்கும் போய்விடும். நோயாளியின் தேவை கண்ணெதிரே இருக்கும்போது யாரும் தன் தூக்கத்துக்கென்று பணம் எடுத்துவைப்பதில்லை. உறவினருக்குப் பதிலாக வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும், பயிற்சி பெற்ற மாற்றாளின் பணி நேரமாகவே அந்த நிதி வீட்டுக்கு வர வேண்டும்.

ஒரு வருகைக்கு இரண்டு மணி நேரம் போதாது. மாற்றாளுக்கு விளக்கிச் சொல்ல அரை மணி, திரும்பக் கேட்டுக்கொள்ள அரை மணி போனால், மிச்சத்தில் வங்கிக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். பகலில் நான்கு மணி நேரமாவது வேண்டும். அதைவிட முக்கியம் இரவு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டிவிடுபவர் சேர்ந்தாற்போல் தூங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அவருக்கு அடுத்தடுத்து இரண்டு இரவுகள் கொடுக்க வேண்டும். முதல் இரவு காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருப்பார்; இரண்டாம் இரவில்தான் தூக்கம் வரும்.

மாற்றாள் ஏற்பாடு பெரும்பாலும் ஒப்படைப்பில்தான் கெடுகிறது. ஒரே தாளில் எல்லாம் இருக்க வேண்டும்: மருந்து, அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம். மூக்குக் குழாய் வழியே உணவென்றால் எத்தனை மில்லி. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், ஊட்டி முடித்த பிறகும் அரை மணியாவது அப்படியே. சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்பு மட்டத்துக்குக் கீழே. இந்தத் தாள் இல்லாவிட்டால் ஒரே மாத்திரை இரண்டு முறை போகும். உணவு நுரையீரலுக்குள் இறங்கும். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அந்தக் குடும்பம் பிறகு யாரையும் நம்பாது. எனவே முதல் இரண்டு வருகைகளில் வீட்டாரும் கூடவே இருந்து பழக்க வேண்டும். அந்த மணி நேரங்களுக்கும் மாற்றாளுக்கு நிதியிலிருந்தே சம்பளம் தர வேண்டும். மறதி நோய் உள்ளவருக்குப் புது இடம் குழப்பத்தைக் கூட்டும் என்பதால், கூடியவரை மாற்றாளை வீட்டுக்கே அனுப்புவது நல்லது.

மாற்றாளை யாருக்கு முதலில் அனுப்புவது என்பதற்கு, பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கும் சரித் (Zarit) சுமை வினாப்பட்டியல் உதவும். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 88; மதிப்பெண் கூடினால் சுமை அதிகம். நோயாளியின் காதுபட இதைக் கேட்கவே கூடாது. கேட்டால் எல்லாவற்றுக்கும் 'ஒன்றும் கஷ்டமில்லை' என்றுதான் பதில் வரும். மதிப்பெண் ஏறும்வரை காத்திருப்பதும் தவறு. 1995-இல் பராமரிப்புக் காப்பீடு கொண்டுவந்த ஜெர்மனியில், ஆறு மாதம் பார்த்துக்கொண்ட பிறகே மாற்றாள் செலவு கிடைக்கும் என்றிருந்த நிபந்தனையை 2025 ஜூலையில் நீக்கிவிட்டார்கள். சரியான முடிவு. தூக்கவும் புரட்டவும் தெரியாமல் முதுகு பிடித்துக்கொள்வது அந்த முதல் மாதங்களில்தான்.

இன்னொன்று. நோயாளி மருத்துவமனையில் இருந்த நாட்களில் பயன்படாத மணிகளைக் காலாவதியாக்காமல், அவர் வீடு திரும்பும் வாரத்துக்கு மாற்றிக்கொடுங்கள். மாற்றாள் மிகவும் தேவைப்படுவது அந்த வாரத்தில்தான்.

இப்படிக்கு,
வீட்டுவழிப் பராமரிப்புச் செவிலியர் ஒருவர்