பக்கக் கதவுக்குச் சங்கிலி வேண்டாம்: நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவன்று நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டதற்கு, "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பெரிதுபடுத்த வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

என் அம்மா வாக்கர் இல்லாமல் நடக்க மாட்டார். ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்றுதான் அவரைப் பக்கக் கதவை ஒட்டி உட்கார வைத்தேன். வடைச் சட்டி புகைந்து அலாரம் அடித்தபோது, எங்களுக்கும் கதவுக்கும் பத்தடி தூரம்கூட இல்லை. போய்த் தள்ளினேன். இரண்டு கதவுகளின் தள்ளுகம்பிகளையும் சேர்த்துச் சைக்கிள் சங்கிலி சுற்றி, நம்பர் பூட்டு போட்டிருந்தது. நம்பர் தெரிந்த தம்பி கார் நிறுத்துமிடத்தில் இருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. சலங்கை கட்டிய ஒரு குழந்தை என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு அழுதது. "ஏய்யா, பூட்டில்லா போட்டிருக்கு" என்றார் அம்மா. அலாரம் நிற்கும்வரை அவர் என் கையை விடவில்லை.

டிக்கெட் வாங்காதவர்கள் அந்த வழியாக நுழைகிறார்கள், அதனால் பூட்டினோம் என்கிறீர்கள். சங்கத்தின் பணக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் இதே காரணத்தை இதே நியூயார்க் மாநிலம் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறது.

1911 மார்ச் 25, சனிக்கிழமை. மன்ஹாட்டனில் வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் டிரையாங்கிள் தொழிற்சாலை தீப்பற்றியது. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருடுவார்கள் என்ற பயத்தில், எல்லோரையும் ஒரே வாசல் வழியாக அனுப்பிப் பையைச் சோதிப்பது முதலாளிகளின் வழக்கம். வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது.

சதுக்கத்தில் ஒரு வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் சத்தம் கேட்டு ஓடிவந்தார். அப்போது அவருக்கு 30 வயது. தீயணைப்பு ஏணி எட்டாத மாடிகளிலிருந்து பெண்கள் குதிப்பதை நின்று பார்த்தார். அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். 1933 முதல் 12 ஆண்டுகள் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது உண்மைதான். ஆனால் நான் மதிப்பது அதற்கு முன்பு இந்த மாநிலத்தில் அவர் உழைத்த காலத்தை.

தீ விபத்துக்குப் பிறகு மாநிலச் சட்டமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. ராபர்ட் வாக்னர் தலைவர், அல் ஸ்மித் துணைத் தலைவர். அந்தக் குழுவுக்காக ஆய்வு செய்த பெர்கின்ஸ் அவர்களிடம் அறிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. தொழிற்சாலைகளுக்கே கூட்டிப்போனார். ஓரிடத்தில், சுவரில் இருந்த சின்ன ஓட்டை வழியாக வாக்னரையே தவழ்ந்து போக வைத்தார். வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. அதுவும் தரைக்கு 12 அடி மேலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பெயர் "அவசர வழி". பார்த்தவர்கள் சட்டங்களைத் திருத்தினார்கள். 1919-இல் ஆளுநரான ஸ்மித், பெர்கின்ஸை மாநிலத் தொழில் ஆணையத்தில் உறுப்பினராக்கினார். 1929-இல் ஆளுநர் ரூஸ்வெல்ட் அவரை மாநிலத் தொழில் ஆணையராகவே ஆக்கினார். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பதை அவர் கடைசிவரை விடவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. டிரையாங்கிள் முதலாளிகளை நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஒருவர் 1913-இல் மறுபடியும் தொழிற்சாலைக் கதவைப் பூட்டிப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர். அத்தனை பேர் இறந்த பிறகும் அந்த மனிதருக்குத் திருட்டுப் பயம்தான் பெரிதாக இருந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. உங்களில் பலர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. சென்னையிலிருந்து விருந்தினரை வரவழைக்கிறோம், மேடை விளக்குக்குத் தனியாக ஆள் வைக்கிறோம், பொன்னாடை போர்த்தவே அரை மணி நேரம் ஒதுக்குகிறோம். 400 பேர் இருந்த அரங்கில் ஒரு கதவருகே நிற்க மட்டும் ஆள் கிடைக்கவில்லையா? ஒவ்வொரு விழாவிலும் பாதுகாப்பு என்று யாராவது பேச்செடுத்தால், "நேரமாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம்" என்று முடித்துவிடுகிறோம். நானும் பலமுறை பேசாமல் இருந்திருக்கிறேன்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். சித்திரைத் திருநாளில் அரங்கின் எந்தக் கதவுக்கும் பூட்டோ சங்கிலியோ போடாதீர்கள். நாற்காலிகளையும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் கதவை மறைத்து அடுக்காதீர்கள். டிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் பக்கக் கதவில் ஒருவர் நிற்கட்டும். ஆள் இல்லையென்றால் நான் நிற்கிறேன், நிகழ்ச்சியைப் பார்க்க முடியாமல் போனாலும் பரவாயில்லை. கதவுகளைப் பூட்டுவதில்லை என்று அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா இந்த முறை வரவில்லை என்கிறார். சங்கிலியைக் கழற்றிவிட்டார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஆசை.

அன்புடன்,
உங்கள் ஆயுள் உறுப்பினர்களில் ஒருவன்