டோபோஷ் கேக்கை விட்டுவிட்டீர்களே

ஐயா,

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில் பாலங்கள் வந்தன, வெந்நீர்க் குளியல் வந்தது, இனிப்புக்கடைகளைக் காணோம். மகளோடு போனபோது கோட்டை மேட்டில் 1827-இல் தொடங்கிய ருஸ்வுர்ம் கடையில் வரிசையில் நின்றேன். சின்ன இடம்தான். டோபோஷ் கேக் வந்தது: மெல்லிய கேக் அடுக்குகள், நடுவே சாக்லேட் வெண்ணெய்க் கிரீம், மேலே கண்ணாடி போலக் காய்ச்சிய சர்க்கரைப் பாகு. முள்கரண்டியால் தட்டினால் அப்பளம் போல நொறுங்கியது. (ஒரு சில்லு என் பல்செட்டில் ஒட்டிக்கொண்டது வேறு கதை.) 1885-இல் புடாபெஸ்டில் நடந்த கண்காட்சியில் இதை அறிமுகப்படுத்திய யோஜெஃப் டோபோஷ், 1906-இல் செய்முறையை இனிப்புத் தொழிலாளர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். முட்டை சாப்பிடாதவர்கள் காபியோடு திரும்ப வேண்டியதுதான்.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்