மச்சு மூடியைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கூட ஒரு வரியும் இல்லை. வாசல் பக்க இறவாரத்தில் தொங்கும் ஐஸைப் பார்த்து, கண்ணாடிச் சரம் மாதிரி இருக்கிறது என்றாள் அம்மா. எனக்கு அழகாகப் படவில்லை, மக்களே. அந்த வீடு ஒழுகப் போகிறது.

உன் வாசல் வடக்குப் பார்த்தது. நம் ஊரிலாவது ஆனி மாதம் உச்சிச் சூரியன் வடக்கே சாயும். கனடாவில், உன் ஒட்டாவாவில் மதியச் சூரியன் எப்போதும் தெற்கில்தான். தெற்குச் சரிவில் தொங்கினால் வெயில் வேலை என்று விட்டுவிடலாம். வெயிலே படாத வடக்கில், அதுவும் குளியலறைக்கு மேலே மட்டும் கைத்தடி கனத்தில் தொங்கினால், வீட்டுச் சூடு கூரைக்கு அடியில் இருக்கும் மச்சுக்கு ஏறிப் பனியை அடியில் உருக்குகிறது. உருகிய தண்ணீர் சுவரைத் தாண்டி இறவாரத்துக்கு வந்ததும் அங்கே சூடு இல்லை, உறைகிறது. அது வரப்பு மாதிரி நின்று, பின்னால் வருகிற தண்ணீரைத் தேக்கும். நம் ஓடானாலும் உங்கள் கூரைத் தகடு ஷிங்கிளானாலும் வழிகிற தண்ணீருக்குத்தான் போட்டது. தேங்கினால் இடுக்கில் ஏறி உள்ளே இறங்கிவிடும்.

மச்சுக்கு ஏறும் வழியின் மூடியை முதலில் பார். சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, மூடியின் முதுகில் தெர்மகோல் பலகை வை. குளியலறை எக்ஸாஸ்ட் குழாய் மச்சுக்குள்ளேயே முடிகிறதா பார். எனக்கு அதில்தான் சந்தேகம். அது வெளியே போக வேண்டும். ஓட்டைகளை அடைத்த பிறகுதான் இன்சுலேஷன். அந்தக் குளிருக்கு ஆர் 60 வேண்டும், ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் அளவு. செல்லுலோஸ் துகள் என்றால் ஏறக்குறைய 17 அங்குலம். அதைக் கொட்டி இறவாரத்துக் காற்றுத் துளையை அடைத்துவிடாதே, தடுப்பு வை. உள்ளே சட்டத்தில் மட்டும் கால் வை.

இப்போதைக்குத் தரையில் நின்றே, நீளக் கைப்பிடி வாரியால் விளிம்பிலிருந்து 3, 4 அடிப் பனியை இழுத்துவிடு. ஐஸைக் கொத்தாதே, ஷிங்கிள் பிளக்கும். அதன் அடியில் நிற்காதே. ஏணியில் தனியாக ஏறாதே.

சொந்தக் காசில் வீடு வாங்கினவள் என்று தக்கலை வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தான் எனக்கு என்ன யோக்கியதை? ஊரெல்லாம் மாடிக்கு வெயில் தாங்கத் தட்டோடு பதித்தவன், உன் மாடி அறைக்கு மேலே மட்டும் பிறகு பார்க்கலாம் என்று வெறும் கான்கிரீட்டாக விட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படித்தாய். நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை போன் எடுப்பதில்லை. வேலையாக இருப்பார்.

மச்சுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வை. வெளியே மைனஸ் 5 இருக்கும்போது உள்ளே மைனஸ் 1-ஐத் தாண்டக் கூடாது. தனியாக ஏறாதே. அளவைப் படம் எடுத்து அனுப்பும்போது, கீழே ஏணியை யார் பிடித்தார் என்றும் எழுது.

அப்பா